நாலு ரயருக்காக ஒரு நவநாள்

இந்த வருசம் ஜூன் மாதம் முழுக்க நான் மாதாவோட கோவமா இருந்தனான். அதை முதலே சொல்லிப்போட்டுத்தான் தொடங்கவேணும். எங்கட செபக்குழுவில எழும்பிச் சாட்சி சொல்லுற ஆக்கள் எல்லாரும் தாங்கள் அசையாத விசுவாசத்தோட காத்திருந்ததாச் சொல்லுவினம். நான் அப்பிடிக் காத்திருக்கேல்ல. புறுபுறுத்துக்கொண்டு காத்திருந்தனான். செபமாலையைச் சொல்லி முடிச்சிட்டு, மடு மாதாவின்ர படத்தைப் பார்த்து, "அம்மா, நான் சொல்லுறது உங்களுக்குக் கேக்குதோ இல்லையோ?" எண்டு சத்தமாவே கேட்டிருக்கிறன். அப்பிடிப்பட்ட எனக்கும் அவ பதில் தந்தவா. அதைத்தான் இண்டைக்குச் சொல்லப்போறன்.

என்ர பிரச்சினை வருத்தமில்லை, வழக்குமில்லை. நாலு ரயர். சிரிக்காதேங்கோ. அந்த நாலு ரயராலதான் இருபத்தொன்பது வருசக் கலியாண வாழ்க்கையில முதல் தரமா நானும் என்ர மனுசனும் கிழமைக்கணக்கா ஒழுங்காக் கதைக்காமல் இருந்தனாங்கள். அதே ரயராலதான் ஜூலை மாதம் ஒரு வியாழக்கிழமை காலமை, மகளிட்ட ஓடுறதோ மனுசனோட நிக்கிறதோ எண்டு தெரியாமல் குளியலறைக் கதவைப் பூட்டிப்போட்டு அழுதனான்.

என்ர பேர் றெஜினா. மில்லிக்கனில இருக்கிறம். பதினாலு வருசமா ஸ்கூல் பஸ் ஓடுறன். ஒவ்வொரு நாளும் காலமை, மழையோ ஸ்னோவோ, பஸ்ஸைச் சுத்தி ஒருக்கா நடந்து, லைற், கண்ணாடி, பிறேக், ரயர் எல்லாம் பார்த்து, புத்தகத்தில கையெழுத்து வைச்ச பிறகுதான் பஸ்ஸை எடுக்கலாம். ஆறு ரயரையும் குனிஞ்சு பார்த்துப் பார்த்தே என்ர முழங்கால் போச்சுது. இதைப் பெருமைக்குச் சொல்லேல்ல. ரயரைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது எண்டு என்ர மனுசன் சொன்னதை நீங்கள் நம்பக்கூடாது எண்டதுக்காகச் சொல்லுறன்.

என்ர மனுசன் சேவியரை உங்கள் எல்லாருக்கும் தெரியும். இருபது வருசம் ஒரு வெயார்ஹவுசில ஃபோர்க்லிஃப்ட் ஓடினவர். இடுப்பில நாரி நோவால போன வருசம் வேலையை விட்டிட்டார். வீட்டில சும்மா இருக்க ஏலாத மனுசன். ஏப்ரல் மாதம் பீற்றர்பறோப் பக்கம் ஒரு பண்ணையில வயசுபோன வெள்ளைக்காரச் சோடி ஒண்டிட்ட இருந்து ஒரு ட்ரெயிலர் வாங்கிக்கொண்டு வந்தார். பிக்கப்புக்குப் பின்னால கொழுவி இழுத்துக்கொண்டு போறது. உள்ளுக்குக் கட்டில், அடுப்பு, சின்னக் குளியலறை எல்லாம் இருக்கு. கண்டதும் எனக்கும் ஆசை வந்தது எண்டதை மறைக்கேல்ல.

வாங்கின கையோட அவர் எல்லாருக்கும் படம் அனுப்பினார். கோயில் வாசலில நிண்டு போறவாற ஆக்களைப் பிடிச்சுச் சொன்னார். "கனக்க ஓடாத சாமான். ரயரில இருக்கிற வெட்டுப் பள்ளத்தைப் பார்த்தீங்களோ? அப்பிடியே புதுசு. ஆருக்கு இப்பிடி ஒரு அதிர்ஷ்டம் வரும்?" எண்டு. எத்தினை பேருக்கு இதைச் சொன்னார் எண்டது பேந்து எங்களுக்குப் பெரிய இடைஞ்சலா வந்தது.

ட்ரெயிலர் வாங்கினதுக்கு ஒரு காரணம் இருந்தது. எங்கட ஒரே மகள் அனிற்றா தண்டர் பேயில இருக்கிறாள். மருமகன் டிலான் வடக்கில ஒரு சுரங்கத்தில வேலை. ரெண்டு கிழமை அங்க, ஒரு கிழமை வீட்டில. அனிற்றாவுக்கு இது தலைப்பிள்ளை. ஓகஸ்ட் முதல் கிழமை எண்டு டொக்டர் சொல்லியிருந்தவா. அவையின்ர அப்பார்ட்மென்ற் ஒரு அறை. நாங்கள் போய் எங்க படுக்கிறது? ட்ரெயிலரை டிலான்ர கூட்டாளியின்ர வளவில விட்டிட்டு ஒண்டரை மாதம் நிக்கலாம். எனக்கும் ஸ்கூல் விடுமுறை. ஜூலை நடுவில வெளிக்கிடுறது எண்டு முடிவு. நல்ல முடிவு. அதில எனக்கு ஒரு குறையும் இல்லை.

மே மாத லோங் வீக்கென்டில ட்ரெயிலரைக் கழுவினன். ரயரைத் துடைக்கேக்க, பழக்கதோசத்தில, பக்கத்தில இருக்கிற இலக்கத்தைப் பார்த்தன். ஒவ்வொரு ரயரிலயும் கடைசியில நாலு இலக்கம் இருக்கும். முதல் ரெண்டும் எத்தினையாம் கிழமை, மற்ற ரெண்டும் எந்த வருசம் செய்தது எண்டு சொல்லும். பார்த்தன். திரும்பவும் துடைச்சுப் பார்த்தன். ஒன்பது வருசம்! மற்ற மூண்டும் அப்பிடித்தான். ஒண்டின்ர இலக்கம் உள்பக்கமா இருந்தபடியால் ட்ரெயிலருக்குக் கீழ படுத்து, ஃபோன் லைற் அடிச்சுப் பார்த்தன். அதுவும் ஒன்பது. றிம்முக்குக் கிட்ட ரப்பரில மயிர் மாதிரி மெல்லிசா வெடிப்பு.

உங்களுக்கு விளங்கச் சொல்லுறன். கார் ரயர் ஓடி ஓடித் தேயும். ட்ரெயிலர் ரயர் ஓடாமல் நிண்டே பழுதாகும். வெயில்லயும் குளிரிலயும் ஒரே இடத்தில பாரத்தைத் தாங்கிக்கொண்டு நிண்டு, ரப்பர் உள்ளுக்க செத்துப்போகும். வெளியில வெட்டு ஆழமாத்தான் இருக்கும். அஞ்சாறு வருசம் போனால் வெட்டைப் பார்க்கக்கூடாது, வயசைத்தான் பார்க்கவேணும். 

இதை நான் அவருக்கு நல்ல வடிவாச் சொன்னன். கோவப்படாமல்தான் சொன்னன். முதல் நாள்.

"இஞ்சாருங்கோ, தண்டர் பே ஆயிரத்து நானூறு கிலோமீற்றர். சுப்பீரியர் ஏரிக்கரையால போகேக்க மணித்தியாலக்கணக்கா ஃபோன் கூட வேலை செய்யாது. நாலையும் மாத்திப்போட்டுப் போவம்."

அவர் குனிஞ்சு வெட்டுக்குள்ள விரலை விட்டுக் காட்டினார். "உதைப் பாரும் றெஜி. உது மாத்திற ரயரே? உமக்கு பஸ் ரயர்தான் தெரியும். உது வேற."

அதோட தொடங்கினது. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு கதை. பக்கத்து வீட்டு யோகன் அண்ணை வந்து காலால ரெண்டு உதை உதைச்சுப்போட்டு, "இது இன்னும் அஞ்சு வருசம் ஓடும் தங்கச்சி" எண்டார். அவர் உதைச்சது ரயரை. எனக்கு நெஞ்சில பட்டது. என்ர தம்பி பின் ரெண்டையும் மட்டும் மாத்தினால் காணும் எண்டான். யூரியூப்பில ஒரு தாடிக்காரன் காத்து அளவாய் இருந்தால் வயசு முக்கியமில்லை எண்டான், இன்னொருத்தன் அஞ்சு வருசத்தில கழட்டி எறி எண்டான். மார்க்கம் றோட்டில ஒரு ரயர்க் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனன். கவுண்டரில நிண்டவர் இலக்கத்தைக் கேட்டதும் "உடன மாத்துங்கோ" எண்டார். வெளியில வந்ததும் என்ர மனுசன், "விக்கிறவன் வேற என்ன சொல்லுவான்?" எண்டார். விக்காதவன் சொன்னால் அவனுக்கு ஒண்டும் தெரியாது, விக்கிறவன் சொன்னால் வியாபாரம். இந்த மனுசனோட நான் என்னத்தைக் கதைக்க?

ஃபாதரிட்டயும் கேட்டன். பாவமன்னிப்புக்குப் போன இடத்தில, மனுசனோட கோவம் எண்டு சொல்லத் தொடங்கி, ரயரில போய் நிண்டிட்டன். அவர் நல்லவர். "செபியுங்கோ, விவேகமா நடவுங்கோ" எண்டார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அதுக்கும் சேர்த்து இன்னொருக்காப் பாவமன்னிப்புக் கேட்டிருக்கவேணும்.

சரி, செபிப்பம் எண்டு ஜூன் முதல் சனிக்கிழமை மடு மாதாவுக்கு நவநாள் தொடங்கினன். ஒன்பது நாள். நான் கேட்டது ஒண்டே ஒண்டு. "அம்மா, இந்த மனுசன்ர மனத்தை மாத்துங்கோ. எனக்கு ஒரு அடையாளம் காட்டுங்கோ." பஸ்ஸுக்குப் போக முன்னம் சொன்னன். பின்னேரம் வந்து சொன்னன். ஒரு அசைவும் இல்லை. அவர் ட்ரெயிலருக்குள்ள திரை தைச்சுக்கொண்டிருந்தார். ஓம், அவரேதான், மெஷினில இருந்து. திரைக்கு இருக்கிற கவனம் ரயருக்கு இல்லை.

எட்டாம் நாள், அடுத்த சனிக்கிழமை, அவர் ஒரு யோசனை சொன்னார். "உமக்குப் பயம் தெளியவேணும். இண்டைக்கே சிம்கோ ஏரிப் பக்கம் போய் ஒரு இரவு தங்கிப்போட்டு வருவம். ரயர் வெடிச்சால் நீர் சொன்னது சரி. வெடிக்காட்டில் பேசக்கூடாது." 

போனம். நல்ல வெயில். ஞாயிற்றுக்கிழமை ஒன்பதாம் நாள். மத்தியானம் வெளிக்கிட்டு, திரும்பி வாற வழியில ஏரிக்கரையில நிப்பாட்டி இருந்து கடைசிச் செபத்தைச் சொல்லி முடிச்சன். பின்னேரம் சுகமா வீட்டை வந்து சேர்ந்தம். ஒண்டும் நடக்கேல்ல. காத்துக் கூடக் குறையேல்ல. அவர் பிக்கப்பால இறங்கி, கையைத் தட்டித் தூசி துடைச்சுப்போட்டு, "பார்த்தீரே? உம்மட மாதா பதில் சொல்லிப்போட்டா. இனி இந்தக் கதை வேண்டாம்" எண்டார்.

சகோதரங்களே, எனக்கு அண்டைக்கு எப்பிடி இருந்தது எண்டு சொல்லத் தெரியேல்ல. நான் கேட்ட அடையாளம் வந்திட்டுது, அவர் பக்கம். ஒன்பது நாளும் மெழுகுதிரி கொளுத்தினது நான். பதில் அவருக்கு. ஒருவேளை நான்தான் பிழையோ? ஒண்டுமில்லாததைப் பெரிசாக்கி வீட்டில நிம்மதியைக் கெடுக்கிற மனுசியோ? எனக்கு என்னிலயே சந்தேகம் வந்திட்டுது. அதுக்குப் பிறகு ரயர் எண்ட சொல்லை நான் எடுக்கேல்ல. அவரும் எடுக்கேல்ல. வேற கதையும் இல்லை. "சாப்பாடு மேசையில இருக்கு", "பில் வந்திருக்கு", அவ்வளவுதான். செபமாலை சொன்னன், ஆனால் வாய்தான் சொன்னது. மாதாவின்ர படத்தை நிமிர்ந்து பார்க்கேல்ல.

ஜூன் முடிவோட ஸ்கூல் விட்டிட்டாங்கள். நான் முழு நாளும் வீட்டில. அவருக்கு அந்த நாட்களில ஒரு அந்தரம், இருப்புக்கொள்ளேல்ல. "கடைக்குப் போகேல்லையோ? தங்கச்சியிட்டப் போய் ரெண்டு நாள் நிக்கேல்லையோ?" எண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். என்னைப் பார்க்கவே பிடிக்கேல்லையாக்கும் எண்டு நினைச்சன். அதுவும் ஒரு வேதனை.

ஜூலை முதல் கிழமை, புதன்கிழமை பின்னேரம் அனிற்றா ஃபோன் எடுத்தாள். அழுதுகொண்டு. "அம்மா, my pressure is really high. ஹொஸ்பிற்றல்ல admit பண்ணிட்டினம். Maybe the weekend, பிள்ளையை எடுக்கப்போகினமாம். டிலானுக்கு flight கிடைக்கேல்ல. அம்மா, நீங்க வாறீங்களா?"

ஒரு மாதம் முந்தி. பிள்ளை தனிய.

தண்டர் பேக்குப் பிளேன் பார்த்தம். கோடைகாலம், எல்லாம் நிரம்பியிருந்தது. வியாழக்கிழமை மத்தியானம் ஒரு சீற். ஒண்டே ஒண்டு. அதை விட்டால் பிறகு சனிக்கிழமை பின்னேரம்தான். 

"நீர் நாளைக்குப் பிளேனில போம்," எண்டார் அவர். "நான் ட்ரெயிலரைக் கொண்டு பின்னால வாறன்."

"ஆறுதலா வாங்கோ. ரயரை மாத்திப்போட்டு வாங்கோ."

"நீர் போம் எண்டுறன். நான் பார்த்துக்கொள்ளுறன்."

"மாத்துறன் எண்டு சொல்லுங்கோ."

அவர் சொல்லேல்ல. ஜன்னலுக்கு வெளியில பார்த்துக்கொண்டு, "நான் பார்த்துக்கொள்ளுறன்" எண்டு திருப்பியும் அதையே சொன்னார். 

வியாழக்கிழமை காலமை நான் குளியலறைக்குள்ள போய்க் கதவைப் பூட்டினது அப்பத்தான். பாருங்கோ, பிளேனில போறது சுகம். மகளின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கலாம். ஆனால் இந்த மனுசன் தனிய, அந்த ரயரோட, ஜூலை வெயில்ல, ஃபோன் வேலை செய்யாத றோட்டில வருவார். வயசுபோற மனுசன், நாரி நோ. மகள் பிள்ளையைப் பெறுற நேரம் தகப்பன் றோட்டுக்கரையில கிடக்கிற செய்தி வந்தால்? மகளைப் பார்க்கிறதோ மனுசனைக் காப்பாத்திறதோ? ஏன் எனக்கு இப்பிடி ஒரு கேள்வி? நான் சத்தமாச் சொன்னன், "அம்மா, நான் உங்களிட்ட நாலு ரயர்தானே கேட்டனான்! உலகத்தில எத்தினை பேர் எத்தினை பெரிய காரியம் கேக்கினம். இது உங்களுக்கு ஒரு வேலையே?" 

பதிலா ஒரு குரலும் கேக்கேல்ல. வெளிச்சமும் தெரியேல்ல. ஆனால் அழுது முடிய ஒரு நிதானம் வந்தது. நான் பதினாலு வருசமா ஆரின்ரயோ பிள்ளைகளுக்காக ரயரைப் பார்த்துக் கையெழுத்து வைக்கிறன். பழுது எண்டால் பஸ்ஸை எடுக்கமாட்டன். அதுக்கு நான் ஒருத்தரிட்டயும் அடையாளம் கேட்டதில்லை. பிறகு ஏன் இதுக்கு மட்டும் கேட்டுக்கொண்டு நிக்கிறன்? 

முகத்தைக் கழுவிப்போட்டு வெளியில வந்தன். கொழுக்கியில தொங்கின பிக்கப் திறப்பை எடுத்தன். "நான் பிளேனில போகேல்ல. இப்ப ட்ரெயிலரைக் கொண்டுபோய் நாலு ரயரும் மாத்தப்போறன். நீங்கள் வந்தாலும் சரி, வராட்டிலும் சரி." 

அவரின்ர முகம் வெளுத்துப்போச்சுது. "ஐயோ, நீர் பிளேனில போம் றெஜி..." எண்டு கெஞ்சுறமாதிரிச் சொன்னார். நான் கேக்கேல்ல. ட்ரெயிலரைக் கொழுவினன். அவரும் வந்து பக்கத்து சீற்றில ஏறினார்.

முதல் கடை: அந்த சைஸ் இல்லை, ஓடர் பண்ணினால் செவ்வாய்க்கிழமை. ரெண்டாவது கடை: ரெண்டுதான் இருக்கு. மூண்டாவது கடைக்காரர் கார் ரயர் ஒண்டைக் காட்டி, "இதைப் போடலாம், ஒண்டும் செய்யாது" எண்டார். நான் வாய் திறக்க முன்னம் என்ர மனுசன், "கார் ரயர் ட்ரெயிலருக்குப் போடக்கூடாது. அதின்ர பக்க ரப்பர் பாரம் தாங்காது" எண்டார். நான் திரும்பிப் பார்த்தன். இவருக்கு எப்ப இருந்து இதெல்லாம் தெரியும்?

நேரம் பன்னிரண்டரை. பிளேன் போயிருக்கும். நான் ஸ்ரியறிங்கில தலையை வைச்சிட்டன். "அம்மா, போதும். எனக்கு இனி ஏலாது" எண்டு மட்டும்தான் சொன்னன். அதுதான் நான் சொன்ன ஆகச் சின்னச் செபம்.

பக்கத்தில இருந்து ஒரு குரல். "நானூத்தி ஒண்டு ஹைவேயில மேற்கால விடும்."

"ஏன்?"

"ரெக்ஸ்டேலுக்கு."

"அங்க என்ன?"

"விடுமன்."

விட்டன். ரெக்ஸ்டேலில ஒரு பிளாசாவுக்குப் பின்னால சின்ன ரயர்க் கடை. தாடி நரைச்ச பஞ்சாபிக்காரர் ஒருத்தர் எங்களைக் கண்டதும் ரெண்டு கையையும் விரிச்சுக்கொண்டு வந்தார். "சேவியர் ஜி! அஞ்சாறு நாளா ஃபோன் அடிக்கிறன். உங்கட நாலு ரயரும் பின்னால கிடக்குது. இனி வரமாட்டீங்கள் எண்டல்லோ நினைச்சன்!" எண்டு இங்கிலீசில சொன்னார்.

நான் ஒருக்கா அவரைப் பார்த்தன். ஒருக்கா இவரைப் பார்த்தன். இவர் தன்ர சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நிண்டார்.

"எப்ப ஓடர் பண்ணினனீங்கள்?"

"ஏரிக்குப் போட்டு வந்த மற்ற நாள். திங்கக்கிழமை. நீர் பஸ்ஸுக்குப் போன பிறகு."

"ஒண்டும் நடக்கேல்ல எண்டு எனக்குச் சொன்னனீங்கள்!"

அவர் மெல்லமாக் கதைச்சார். "நீர் ஏரிக்கரையில இருந்து செபம் சொல்லேக்க நான் ரயரைத் தொட்டுப் பார்த்தனான். மூண்டு சாதாரணமா இருந்தது. ஒண்டு மட்டும், நிப்பாட்டி இவ்வளவு நேரத்துக்குப் பிறகும், கொதிச்சுக்கொண்டிருந்தது. எனக்கு ஈரல்குலை நடுங்கிப்போச்சுது. வரேக்க மெல்லமா, வலக்கரையால எண்பதிலதானே வந்தனான், நீர் கவனிக்கேல்லையே?"

கவனிச்சனான். வெண்ட சந்தோசத்தில ஆறுதலா வாறாராக்கும் எண்டு நினைச்சனான்.

"ஏன் சொல்லேல்ல?"

"எப்பிடிச் சொல்லுறது? ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டன், ரயர் புதுசு எண்டு. உமக்கு எத்தினை தரம் வாயடிச்சிட்டன். நீர் இல்லாத நேரம் சத்தமில்லாமல் மாத்திப்போட்டு வந்து நிப்பாட்டுவம் எண்டு நினைச்சன். ரயர் வந்து சேர உமக்கு ஸ்கூல் விட்டிட்டுது. நீர் வீட்டை விட்டு அசையேல்ல. அதுதான் பிளேனில போம் எண்டு சொன்னனான். நீர் போனவுடன இஞ்ச வந்து மாத்திக்கொண்டு..."

எனக்கு அங்க கிடந்த இரும்புக் கம்பியை எடுத்து அவருக்குப் போடவேணும் போல இருந்தது. உண்மையாச் சொல்லுறன். ஒரு சொல்லு! அந்த மனுசன் ஒரே ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் அந்த நேரம் பிளேனில இருந்திருப்பன். "முதல் கடையிலயாவது சொல்லியிருக்கலாமே?" எண்டு கேட்டன். "வேற கடையில கிடைச்சால் சொல்லத் தேவையில்லை எண்டு பார்த்தனான்" எண்டார். 

நான் அங்க இருந்த பிளாஸ்ரிக் கதிரையில இருந்திட்டன். கோவத்தில கண்ணீர் வருது. அப்பிடியே இருந்து நாளை எண்ணினன். சனி தொடங்கினன். அடுத்த ஞாயிறு ஒன்பது. அவர் அந்த ரயரில கையை வைச்சது ஞாயிறு மத்தியானம். நான் கடைசிச் செபத்தைச் சொல்லிக்கொண்டு இருந்த நேரம். இருபதடி தள்ளி! நான் கேட்டது நடந்து மூண்டு கிழமையாச்சுது. மனத்தை மாத்தச் சொன்னன், மாத்திட்டா. வாயைத் திறக்கப் பண்ணுங்கோ எண்டு நான் கேக்கேல்ல. அந்த மூண்டு கிழமையும் நான் மாதாவின்ர முகத்தைப் பார்க்காமல் இருந்தன்.

கடைக்காரர் பழைய ரயரைக் கழட்டினார். சூடேறின அந்த ஒண்டை உருட்டிக்கொண்டு வந்து உள்பக்கத்தைக் காட்டினார். பாதித் தேசிக்காய் அளவில ஒரு வீக்கம். வெளியில நிண்டு பார்த்தால் தெரியாத இடம். நான் கீழ படுத்துப் பார்த்த நாளில அது இருக்கேல்ல. "உள்ளுக்குக் கம்பிப் பட்டி பிரிஞ்சிட்டுது. இந்த வெயில்ல, பாரத்தோட, நூறில போயிருந்தால்..." எண்டு சொல்லிப்போட்டு, பொத்தின கையைப் படார் எண்டு விரிச்சார். என்ர மனுசன் சிலுவை அடையாளம் போட்டார். அதைப் பார்த்துக் கடைக்காரரும் தன்ர முறைப்படி கையெடுத்துக் கும்பிட்டார்.

நாலு மணிக்கு வெளிக்கிட்டம். அண்டைக்கு இரவு பரி சவுண்டில தங்கினம், வெள்ளிக்கிழமை இரவு வாவாவில. ஒவ்வொரு இடத்திலயும் நிப்பாட்டேக்க நான் ஒரு பக்கத்து ரயரைத் தொட்டுப் பார்ப்பன், அவர் மற்றப் பக்கம். சுப்பீரியர்க் கரையில ஏத்தமும் இறக்கமும். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஏரி. றோட்டுக்கரையில ஆரின்ரயோ வெடிச்ச ரயர்த் துண்டுகள் கறுப்புக் கறுப்பாக் கிடந்தது.

சனிக்கிழமை காலமை மரதன் எண்ட ஊருக்குக் கிட்ட ஃபோனுக்கு உயிர் வந்தது. டிலான்ர மெசேஜ். அவருக்கு எப்பிடியோ வெள்ளி இரவு ஒரு சரக்குப் பிளேனில இடம் கிடைச்சிருக்கு. விடிய அஞ்சு மணிக்குப் பொம்பிளைப் பிள்ளை பிறந்திட்டுது. படத்தில ஒரு சின்ன முகம், மூக்கில குழாய்.

நான் பிள்ளை பிறக்கேக்க மகளுக்குப் பக்கத்தில நிக்கேல்ல. கேட்டனான், கிடைக்கேல்ல. இதை மறைச்சுச் சாட்சி சொல்ல எனக்கு விருப்பமில்லை. படத்தைப் பார்த்து அழுதன். சந்தோசம் பாதி, ஆத்திரம் பாதி. 

அவர் பிக்கப்பைக் கரையில நிப்பாட்டினார். "என்னாலதான் றெஜி," எண்டார். "நீர் அங்க நிண்டிருக்கவேணும். என்னை மன்னிச்சுக்கொள்ளும்." 

இருபத்தொன்பது வருசத்தில அந்த வசனத்தை நான் அவரிட்ட இருந்து கேட்டதில்லை. ஆனால் எனக்கு உடன மன்னிக்க வரேல்ல. பிக்கப்பை எடுக்கச் சொன்னன். அவரும் வற்புறுத்தேல்ல. எண்பது கிலோமீற்றர் அப்பிடியே போனம். பிறகு, ஏனெண்டு தெரியாது, நான் "எங்கயாவது நிப்பாட்டுங்கோ, ரீ குடிப்பம்" எண்டு சொன்னன். ட்ரெயிலருக்குள்ள அவர் தைச்ச திரைக்குக் கீழ இருந்து ரீ குடிச்சம். அண்டைக்குத்தான் அவர் தான் எவ்வளவு பயந்தவர் எண்டு முழுக்கச் சொன்னார். நானும் தனிய இருந்து அவரைப் பற்றி மாதாவிட்ட என்னென்ன முறையிட்டனான் எண்டு சொன்னன். சில இடங்களில சிரிச்சம்.

பின்னேரம் ஹொஸ்பிற்றலில பிள்ளையைக் கையில வாங்கினன். எங்கட விசயம் அதோட முடியேல்ல. தாயும் பிள்ளையும் வீட்டை வந்த பிறகு, டிலான் வேலைக்குத் திரும்பின ரெண்டாம் நாள் அனிற்றாவுக்குத் திரும்பவும் பிறஷர் ஏறிட்டுது. தலையிடி, கண் மங்கல். நான் பக்கத்தில நிண்டபடியால் உடன கூட்டிக்கொண்டு ஓடினன். "இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால்" எண்டு டொக்டர் சொன்னவா, வசனத்தை முடிக்கேல்ல. பிள்ளை பிறக்கிறதுக்குத் தாதிமார் இருந்தவை. இதுக்கு நான்தான் இருந்தனான். அனிற்றா அஞ்சு நாள் ஹொஸ்பிற்றலில. அந்த அஞ்சு நாளும் அந்தச் சின்னனை வைச்சிருந்தது நானும் அவரும். நான் மகளோட நிக்கேக்க அவர் ட்ரெயிலருக்குள்ள பால் கரைச்சு, தோளில போட்டு, செபமாலை சொல்லி நித்திரையாக்கியிருக்கிறார். எங்கட வீட்டில செபமாலை எடுத்தால் ரீவிச் சத்தத்தைக் கூட்டிவிடுற மனுசன்!

இப்ப மகளும் பேத்தியும் நல்ல சுகம். ஆண்டவருக்கும் மடு அம்மாவுக்கும் இந்த இடத்தில நிண்டு நன்றி சொல்லுறன். எங்கட வீட்டில மாறினது என்னெண்டால், முந்தி நான் அவரைப் பற்றி மாதாவிட்ட முறையிடுவன், இப்ப முதல் அவரிட்டயே கேக்கிறன். ஏழு மணிக்கு ரெண்டு பேரும் சேர்ந்து முழங்காலில இருக்கிறம். அவருக்கு நாரி நோ, எனக்கு முழங்கால் நோ, அதால சில நாள் கதிரையில இருக்கிறம். சண்டை இல்லை எண்டு சொல்லேல்ல. நேற்றும் ஒண்டு நடந்தது. ஆனால் ஒளிப்பில்லை.

சகோதரங்களே, உங்கட வேண்டுதல் உங்களுக்கே வெக்கமான சின்ன விசயமா இருக்கலாம். கேளுங்கோ. நல்ல மனத்தோட கேக்க ஏலாட்டில் கோவத்தோட எண்டாலும் கேளுங்கோ, அம்மா அதுக்காக முகத்தைத் திருப்பமாட்டா. பதில் வரேல்ல எண்டு நீங்கள் மனம் விட்டுப்போற அந்த நாளில அது எங்கயோ ஒரு கடையில வந்து, நீங்கள் எடுக்க வாறதைப் பார்த்துக்கொண்டு கிடக்கலாம். பக்கத்தில இருக்கிற ஆளிட்டயும் ஒருக்கா வாய் திறந்து கேட்டுப் பாருங்கோ.

நான் சொல்லவந்தது முடிஞ்சுது. பின் வரிசையில சேவியர் கையை உயத்திக்கொண்டு நிக்கிறார். தானும் எழும்பிக் கதைக்கவேணுமாம். நான் சொல்லிக் குடுக்கேல்ல, அவராத்தான் கேட்டவர். தயவுசெய்து அவருக்கு இடம் விடுங்கோ.